போர்முனையிலிருந்து பள்ளி வாயில் வரை



யாழ்ப்பாணத்துக் கமக்காரரிடையே முன்னாளில் இருவகை வண்டில்கள் வழங்கின. நெல்மூடை, எரு, ஓலை முதலியவற்றை ஏற்றுதற்குப் பார வண்டில். ஆட்கள் ஏறி விரைந்து செல்லுதற்குத் திருக்கல். இரண்டிற்கும் சில்லுகள் இரண்டே. இரண்டையும் இழுத்தவை மாடுகளே. ஆயினும், வேறு வழியில்லாதவரன்றிப் பார வண்டிலிற் கலியாண வீட்டுக்குப் போனவர் இல்லை. திருக்கலில் எரு ஏற்றியவரும் இல்லை. எத்தொழிலுக்காக ஒரு வண்டி செய்யப்பட்டதோ அத்தொழிலின் அடையாளம் அதன் உறுப்புக்கள்தோறும் பதிந்திருக்கும் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர்.

மோட்டார் வண்டியின் வரலாற்றில் இந்த எளிய உண்மை மறக்கப்பட்ட ஓர் அத்தியாயம் உண்டு. போருக்கும் வயலுக்கும் மலைக்குமாகப் பிறந்த ஒரு வண்டி, எண்பது ஆண்டுகளுள், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லவும் சந்தையில் மரக்கறி வாங்கி வரவும் பயன்படும் வண்டியாக மாறியது. ஆங்கிலத்தில் எஸ்.யூ.வி. என்னும் மூன்று எழுத்துக்களால் அதனைக் குறிப்பர். நம்மவர் எந்தக் கம்பெனி செய்ததாயினும் பெரும்பாலும் ஜீப் என்றே சொல்லிவிடுவர். அப்படிச் சொல்வதில் வரலாற்று நியாயமும் உண்டு. இவ்வண்டி எவ்வாறு தோன்றியது, எவ்வாறு பருத்தது, நாளாந்தப் பாவனைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பவற்றை இன்று நோக்குவோம். நான் பொறியியல் கற்றவனல்லேன், வரலாறு கற்பிப்பவன். ஆதலின் இயந்திர நுட்பத்தை விடுத்து, காரண காரியத் தொடர்பையே பெரிதும் எடுத்துக்கூற விழைகின்றேன்.

1940ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐரோப்பாவின் பெரும்பகுதி யேர்மனியரின் கையில் இருந்தது. போர் தமது வாயிலையும் அணுகும் என்று கருதிய அமெரிக்கப் படையினர், கரடுமுரடான நிலத்தில் ஓடவல்ல சிறிய வேவு வண்டி யொன்று வேண்டுமெனக் கேட்டு, 135 உற்பத்தியாளர்களுக்கு அழைப்பு விடுத்தனர். நான்கு சில்லுகளும் இயந்திரத்தால் உந்தப்பட வேண்டும். வண்டியோ பாரமற்றதாயிருக்க வேண்டும். முதல் மாதிரியை 49 நாட்களுள் ஒப்படைக்கவும் வேண்டும். இவ்வளவு கடுமையான நிபந்தனைகளைக் கண்டு பலர் ஒதுங்கினர். பென்சில்வேனியா மாநிலத்துப் பாண்டம் என்னும் சிறு கம்பெனி, கார்ல் புரோப்ஸ்ட் என்ற பொறியியலாளரை அழைத்து வேலையைத் தொடங்கியது. 1940 செப்டெம்பர் 23ஆம் நாள், கெடு முடிவதற்குச் சற்று முன்னராக, அதன் முதல் வண்டி படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னர் வில்லிஸ், போர்ட் ஆகிய கம்பெனிகளும் இம்முயற்சியிற் சேர்ந்தன. போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப் வண்டிகள் செய்யப்பட்டன.

அந்த முதல் ஜீப்பின் அளவை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். நீளம் ஏறக்குறைய 3.36 மீற்றர், அகலம் 1.57 மீற்றர்; நிறை ஏறக்குறைய 1,100 கிலோகிராம். இன்றைய சிறிய கார் ஒன்றின் நிறையே அது. கதவு இல்லை, கூரை வெறுஞ் சீலை. சேற்றிற் புதைந்தால் போர்வீரர் சிலர் கூடித் தள்ளி மீட்டுவிடலாம். அதன் வலிமை பருமனால் வந்ததன்று. இலேசான உடலும், நிலத்துக்கு மேலே உயர்ந்த அடிப்பாகமும், நான்கு சில்லுகளுக்கும் செல்லும் விசையுமே அதன் வலிமை. பின்வந்த தலைமுறையினர் உயரத்தையும் விசையையும் வைத்துக்கொண்டனர். இலேசை மட்டும் கைவிட்டனர். அக்கதையே இனி வருவது.

போர் முடிந்தபின் வாள் கலப்பையாயிற்று. இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ் என்பவர் வேல்சு நாட்டு அங்கிள்சித் தீவிலிருந்த தமது பண்ணையிற் பழைய படை ஜீப் ஒன்றை ஓட்டிவந்தார். அதுபோன்ற வண்டியொன்றை நாமே கமக்காரருக்காகச் செய்தாலென்ன என்ற எண்ணம் அவருக்கு 1947இல் உண்டாயிற்று. கடற்கரை மணலில் அவர் அதன் வடிவத்தை வரைந்து காட்டினார் என்பர். 1948 ஏப்பிரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் லாண்ட் ரோவர் உலகுக்கு அறிமுகமாயிற்று. அக்காலத்தில் உருக்குக்குப் பங்கீடு இருந்தமையால் அதன் உடல் அலுமினியக் கலவையாற் செய்யப்பட்டது. வயலில் வேறு கருவிகளை இயக்குவதற்கு இயந்திரத்திலிருந்து விசை எடுக்கும் வசதியும் அதில் இருந்தது. யப்பானில் டொயோட்டா கம்பெனி 1951இல் இத்தகைய வண்டியொன்றைச் செய்து, பூசி மலையின் ஆறாம் நிலையம் வரை ஏற்றிக் காட்டியது. 1954இல் அதற்கு லாண்ட் குரூசர் என்னும் பெயர் வழங்கப்பட்டது.

நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களின் செங்குத்துப் பாதைகளில் லாண்ட் ரோவர் வண்டிகள் ஏறி இறங்குவதைக் கண்டவர்கள், அவ்வண்டி அங்கே எவ்வளவு இன்றியமையாதது என்பதை ஒப்புவர். மழைக்காலத்தில் சாதாரணக் கார் திரும்பிவிடும் இடத்தில் அது நோயாளியையும் சுமந்து செல்லும். கொழுந்தையும் சுமந்து செல்லும். அக்காலத்தில் இவ்வண்டியை நகரத்து வீதியில் இன்பத்துக்காக ஓட்டியவர் மிகச் சிலரே. ஆசனம் கடினம், இரைச்சல் மிகுதி, சில்லு தோறும் குலுக்கம். தேவையுடையவர் மாத்திரமே அதனை வாங்கினர். கடினமே அதற்கு வேலியாக இருந்தது.

அவ்வேலி மெல்ல மெல்ல விழுந்தது. 1963ஆம் ஆண்டுக்குரிய மாதிரியாக அமெரிக்காவில் ஜீப் வாகனீர் என்னும் வண்டி வந்தது. காரின் வசதிகளோடு நான்கு சில்லு விசையும் கூடிய குடும்ப வண்டி அது. 1970இல் இங்கிலாந்தில் ரேஞ்ச் ரோவர் வெளிவந்தது. வயலிலும் ஓடலாம், மாலையில் நகரத்து விருந்துக்கும் போகலாம் என்பது அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. எனினும் இவை அருமையாகக் காணப்பட்ட வண்டிகளே. அமெரிக்க மக்களின் வாசல்தோறும் இவை வந்து நிற்கக் காரணமாயிருந்தது, எவரும் எதிர்பாராத ஒன்று. அதுவே எரிபொருளைச் சேமிப்பதற்காக இயற்றப்பட்ட ஒரு சட்டம்.

1973 ஒக்டோபரில் அராபிய நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, அமெரிக்கப் பெற்றோல் நிலையங்களில் நீண்ட வரிசைகள் தோன்றின. இதனால் விழித்துக்கொண்ட அந்நாட்டுப் பேரவை 1975 டிசம்பரில் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கம்பெனி ஒன்று ஓராண்டில் விற்கும் கார்கள் யாவும் சராசரியாக ஒரு கலன் எரிபொருளில் இத்தனை மைல் ஓடவேண்டும் என்பது அதன் விதி. 1978இல் 18 மைல் என்று தொடங்கி, 1985இல் 27.5 மைலாக உயரவேண்டுமெனக் கணிக்கப்பட்டது. நமது அளவைப்படி கூறின், அது லீற்றருக்கு ஏறக்குறைய 11.7 கிலோமீற்றராகும்.

ஆனாற் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருந்தது. கமக்காரரும் தச்சரும் பயன்படுத்தும் சிறு லொறிகளைக் காரோடு ஒரே தராசில் நிறுப்பது நியாயமன்று எனக் கருதி, அவற்றுக்கு வேறான, எளிதான அளவு வகுக்கப்பட்டது. கரடுமுரடான நிலத்தில் ஓடவல்ல வண்டிகளும் அந்தச் சிறு லொறி இனத்திலேயே சேர்க்கப்பட்டன. 1996 முதல் 2004 வரை அவற்றுக்கு விதிக்கப்பட்ட அளவு கலனுக்கு 20.7 மைல் மாத்திரமே. அதாவது லீற்றருக்கு ஏறக்குறைய 8.8 கிலோமீற்றர். உழைப்பாளிக்காகத் திறந்துவைத்த வாசல் வழியே உற்பத்தியாளர் நுழைந்தனர். குடும்பத்தார் அமரும் பெரிய கார்களை இச்சட்டம் நெருக்கிற்று. ஆதலின் லொறியின் சட்டகத்தின் மேல் குடும்பத்தார் அமரும் கூண்டை வைத்தால், அது சட்டத்தின் கண்ணுக்கு லொறி. வாங்குவோர் கண்ணுக்குக் கார். மேலும், மொத்த நிறை 8,500 இறாத்தலுக்கு மேற்பட்ட வண்டிகள் 2011ஆம் ஆண்டு மாதிரிகள் வரும்வரை இவ்விதிக்கு முற்றிலும் புறம்பாயிருந்தன. எவ்வளவுக்குப் பாரம் கூடியதோ அவ்வளவுக்குக் கட்டுப்பாடு குறைந்தது.

விளைவு விரைவிலேயே தெரிந்தது. 1984ஆம் ஆண்டு மாதிரியான ஜீப் செரோக்கி நன்கு விலைபோயிற்று. 1990இல் வந்த போர்ட் எக்ஸ்புளோரர் அதனையும் மிஞ்சியது. அதே போர்ட் கம்பெனி 1999இல் வெளியிட்ட எக்ஸ்கேர்சன் என்னும் வண்டி ஏறக்குறைய 5.75 மீற்றர் நீளமும், 3 தொன்னை மிஞ்சிய நிறையும் உடையது. பாலைவனப் போருக்காகப் பெயர்பெற்ற படை வண்டியொன்று, ஹம்மர் என்ற பெயருடன் 1992 முதல் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது. 2003இல் வரிச் சட்டமும் துணைசெய்தது. தொழிலுக்காக 6,000 இறாத்தலுக்கு மேற்பட்ட மொத்த நிறையுடைய வண்டி வாங்குவோர், அதன் விலையில் 100,000 டொலர் வரை உடனே வரிக்கழிவு பெறலாமென்று ஆயிற்று. தோட்டக்காரரையும் கட்டடத் தொழிலாளரையும் கருதிச் செய்த அச்சலுகையை நகரத்து வைத்தியர்களும் நியாயவாதிகளும் எடுத்துக்கொள்ளக் கண்டு, அடுத்த ஆண்டிலேயே இவ்வகை வண்டிகளுக்கு அதனை 25,000 டொலராகக் குறைத்தனர். 1975இல் அமெரிக்காவில் விற்ற புதிய வண்டிகளில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கே சிறு லொறி இனத்தைச் சேர்ந்தவை. 2004ஆம் ஆண்டளவில் அவை பாதியை எட்டிவிட்டன.

நேயர்களே, சட்டம் வாசலைத் திறந்தாலும் மக்கள் விரும்பாத பொருளை எவரும் வலிந்து விற்றுவிட முடியாது. மக்கள் ஏன் விரும்பினர்? அவ்விருப்பத்தில் நியாயமான பகுதி உண்டு. உயரமான ஆசனத்தில் அமர்ந்தால் வீதி தூரம் வரை தெரிகின்றது. முழங்கால் நோவுடைய முதியவருக்குத் தாழ்ந்த காருக்குள் குனிந்து இறங்குவதிலும் நிமிர்ந்து அமர்வது எளிது. ஏழெட்டுப் பேர் கொண்ட குடும்பம் பெட்டி படுக்கையுடன் ஒரே வண்டியிற் போகலாம். வெள்ளம் கணுக்கால் அளவு நிற்கும் வீதியைக் கடக்கலாம். பனி உறையும் நாடுகளில் நான்கு சில்லு விசை பெரிய உதவி. படகையோ இழுவைப் பெட்டியையோ இழுத்துச் செல்பவருக்கு வலிய இயந்திரம் தேவை. இவை யாவும் உண்மையே. இவற்றோடு, பெரிய வண்டிக்குள் இருந்தால் தமக்கும் தம் பிள்ளைகளுக்கும் ஆபத்து இல்லை என்னும் நம்பிக்கையும் சேர்ந்தது. அந்நம்பிக்கையை வரலாறு கடுமையாகச் சோதித்தது.

உயரமான பொருள் எளிதிற் சரியும் என்பது சிறுவரும் அறிந்ததே. பொறியியலாளர் இதனை ஓர் எண்ணாற் கூறுவர். வண்டியின் இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடையிலுள்ள தூரத்திற் பாதியை எடுத்து, அதனை வண்டியின் பாரமையம் நிலத்திலிருந்து நிற்கும் உயரத்தாற் பிரித்தல் வேண்டும். சாதாரணக் கார்களுக்கு இவ்வெண் பெரும்பாலும் 1.3க்கும் 1.5க்கும் இடைப்பட்டது, எஸ்.யூ.வி. போன்ற உயரமான வண்டிகளுக்கு 1.0க்கும் 1.3க்கும் இடைப்பட்டது. எண் குறையக் குறையப் புரளும் இயல்பு கூடும். 2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் பயர்ஸ்டோன் கம்பெனி 65 இலட்சம் ரயர்களைத் திருப்பி அழைத்தபோது இவ்வியல்பை உலகமே அறிந்தது. விரைந்து ஓடுகையில் ரயரின் மேற்பட்டை உரிந்து, வண்டி கட்டுமீறிப் புரண்ட விபத்துக்கள் பல நிகழ்ந்திருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை எக்ஸ்புளோரர் வண்டிக்கு நேர்ந்தவை. 270க்கு மேற்பட்ட மரணங்கள் இவ்விபத்துக்களோடு தொடர்புபட்டவையென அமெரிக்க வீதிப் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டது. ரயரே குற்றவாளி என்றது ஒரு கம்பெனி. வண்டியே என்றது மற்றது. ஏறக்குறைய நூறாண்டு நிலைத்த அவர்களின் வர்த்தக உறவு 2001இல் முறிந்தது.

பின்னர் வண்டிகள் திருந்தின என்பதையும் சொல்லியாக வேண்டும். வண்டி வழுக்கத் தொடங்கும்போது தானாகவே சில்லுகளின் வேகத்தைத் தனித்தனியே அடக்கி நேர்ப்படுத்தும் மின்னணுக் கருவி, 2012ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்காவிற் கட்டாயமாயிற்று. புரளும் விபத்துக்கள் இதனால் வெகுவாகக் குறைந்தன. சிறிய காரின் மேல் ஏறி மோதாதபடி முன்புறச் சட்டத்தைத் தாழ்த்தி அமைக்கவும் 2003இல் உற்பத்தியாளர் தமக்குள் உடன்பட்டு, 2009 செப்டெம்பருக்குள் அதனை நிறைவேற்ற ஒப்பினர். ஆகவே இன்று பெரிய வண்டியினுள் இருப்பவரின் நிலை முன்னிலும் நன்று. கேள்வி இப்போது வேறு. வண்டிக்கு வெளியே நிற்பவரின் நிலை என்ன?

அமெரிக்காவில் 2009இல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் ஏறக்குறைய 4,100 பேர். 2022இல் அத்தொகை 7,500ஐத் தாண்டியது. இருளான வீதிகள், விரைவு, கையில் தொலைபேசி முதலிய காரணங்கள் பல உண்டு. பழி முழுவதையும் வண்டியின் மேற் சுமத்துதல் நீதியாகாது. ஆயினும் வண்டியின் வடிவத்துக்கும் இதிற் பங்கு உண்டு. அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்புறுதி நிறுவகம், பாதசாரிகள் மேல் வாகனம் மோதிய ஏறக்குறைய 18,000 விபத்துக்களை ஆராய்ந்து 2023இல் முடிவை வெளியிட்டது. இயந்திர மூடியின் முன்விளிம்பு நிலத்திலிருந்து 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்திருக்கும் வண்டி மோதினால், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார் மோதுவதைவிட, மரணம் நேரும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 45 பங்கு அதிகம் என்பது அம்முடிவு. காரணம் விளங்குதற்கு எளிது. தாழ்ந்த கார் காலில் மோதுகின்றது. மனிதன் அதன் மூடியின் மேல் விழுகின்றான். உயர்ந்த வண்டி நெஞ்சிலும் தலையிலும் மோதுகின்றது. மனிதன் அதன் முன்னே நிலத்தில் வீழ்கின்றான். அத்துடன், ஒரே வேகத்தில் ஓடும்போது நிறை இருமடங்கானால் இயக்கச் சத்தியும் இருமடங்காகும். 1,100 கிலோகிராமோடு தொடங்கிய வண்டி 2,500 கிலோகிராமை எட்டியுள்ளது என்பதை இங்கே நினைவிற் கொள்க.

40 அங்குலம் என்பது ஏறக்குறைய 102 சதமமீற்றர். முதலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் உயரம் பெரும்பாலும் அதைவிடச் சிறிதே கூடியது. பள்ளி அதிபர் ஒருவருக்கு இந்த எண் ஏட்டில் உள்ள வெறும் எண்ணாகத் தோன்றாது. காலை ஏழேகால் மணிக்குப் பள்ளி வாயிலில் நின்று பார்த்தால் அதன் பொருள் விளங்கும். பெரிய வண்டி ஒன்று வந்து நிற்கின்றது. ஒரு பிள்ளை இறங்குகின்றது. தண்ணீர்ப் போத்தல் உருண்டு வண்டியின் முன்னே ஓட, அதை எடுக்கப் பிள்ளை குனிகின்றது. அக்கணத்தில், உயர்ந்த ஆசனத்தில் இருக்கும் தந்தைக்கு நூறு யார் தூரத்திலுள்ள சந்தி நன்றாகத் தெரிகின்றது. தம் வண்டியின் மூக்குக்குக் கீழே இருக்கும் பிள்ளை தெரிவதில்லை. தூரப் பார்வையைக் கொடுத்த அதே உயரம் கிட்டப் பார்வையைக் கவர்ந்துகொண்டது.

பின்புறமும் இவ்வாறே. 2002இல் அமெரிக்காவில் தந்தை ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் எஸ்.யூ.வி. ஒன்றைப் பின்னோக்கிச் செலுத்தியபோது, இரண்டு வயதுடைய அவர் மகன் அதில் அகப்பட்டு இறந்தான். கண்ணாடிகள் யாவற்றையும் பார்த்தே அவர் ஓட்டினார். குழந்தை எக்கண்ணாடியிலும் தெரியவில்லை. இத்தகைய துயரம் பிறருக்கு நேரலாகாது என்று பெற்றோர் பலர் இடைவிடாது வேண்டியதன் பயனாக, அக்குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. புதிய கார்களும் சிறு லொறிகளும் பின்புறத்தைக் காட்டும் கமரா உடையனவாயிருத்தல் வேண்டுமென்ற விதி, பலமுறை தாமதித்து, 2018 மே மாதத்தில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. ஒரு குழந்தையின் உயிருக்கும் ஒரு விதிக்கும் இடையே 16 ஆண்டுகள் சென்றன.

இனி, ஆபத்தை விடுத்து அன்றாடப் பாவனையை மாத்திரம் நோக்குவோம். இன்றைய பெரிய லாண்ட் குரூசர் ஒன்று 5 மீற்றரை ஒட்டிய நீளமும் 2 மீற்றரை ஒட்டிய அகலமும் உடையது. இங்கிலாந்தில் வாகனத் தரிப்பிடத்தின் வழக்கமான அளவு 4.8 மீற்றர் நீளமும் 2.4 மீற்றர் அகலமும். இரு பக்கமும் கதவு திறக்க எஞ்சும் இடத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். இலண்டனில் செல்வர் வாழும் செல்சிப் பகுதியின் பெயரைக் கூட்டி, இவ்வண்டிகளைச் செல்சி உழவு இயந்திரம் என்று மக்கள் நகையாடுவர். பரிஸ் மாநகரத்தார் நகையோடு நிறுத்தவில்லை. 2024 பெப்ரவரி 4ஆம் நாள் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. வாக்களிக்க வந்தவர் மிகச் சிலரே. வந்தவருள் நூற்றுக்கு 54க்கு மேற்பட்டோர் பார வண்டிகளுக்குத் தரிப்புக் கட்டணத்தை மும்மடங்காக்க இசைந்தனர். 1.6 தொன் அல்லது அதற்கு மேற்பட்ட பெற்றோல், டீசல் வண்டியில் வெளியூரிலிருந்து வருவோர், அவ்வாண்டு ஒக்டோபர் முதல், நகர நடுவில் தரிக்க மணிக்கு 18 யூரோ செலுத்த வேண்டியதாயிற்று.

நமது ஊர் ஒழுங்கைகளோ பரிசு நகரத் தெருக்களிலும் ஒடுங்கியவை. இருபக்கமும் வேலியும் மதிலும் நெருங்கிய ஒழுங்கையிற் பெரிய வண்டி ஒன்று எதிர்ப்பட்டால், சைக்கிளில் வருபவரும் இறங்கி வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும். எரிபொருளைப் பற்றி நமக்கு வேறு நாட்டு உதாரணம் வேண்டியதில்லை. 2022இல் இந்நாட்டில் எரிபொருள் அற்றுப்போய், பின்னர் பங்கீட்டு முறை வந்தபோது, தொடக்கத்திற் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றரே கிடைத்தது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் சிறிய கார் அதனைக்கொண்டு 300 கிலோமீற்றர் செல்லும். நகர நெரிசலில் லீற்றருக்கு 7 கிலோமீற்றர் ஓடும் பெரிய வண்டி 140 கிலோமீற்றரோடு நின்றுவிடும். பங்கு ஒன்றே, பயணம் பாதிக்கும் குறைவு. நின்று நின்று ஓடும் நகர வீதியில் ஒவ்வொரு முறையும் அந்நிறை முழுவதையும் நிலையிலிருந்து எழுப்பி ஓடச் செய்ய வேண்டும். அடுத்த விளக்கில் அந்த உழைப்பு முழுவதும் தடையிற் சூடாகிக் கழியும். ரயரின் விலை அதிகம். அவ்வண்டியின் ஒவ்வோர் உறுப்பின் விலையும் அதிகம். கரடுமுரடான நிலத்துக்காகச் செய்யப்பட்ட விலையுயர்ந்த சில்லு விசைப் பொறி, தார் வீதியில் ஆண்டு முழுவதும் வேலையின்றிச் சும்மா சுமக்கப்படுகின்றது.

அப்படியாயின் இவ்வண்டியை ஒருவரும் வாங்கலாகாதா? அவ்வாறு நான் கூறேன். மலைத் தோட்டத்து வைத்தியர், காட்டோரத்து உத்தியோகத்தர், ஆறு பெருகும் ஊரில் வாழ்பவர், பெருங் குடும்பத்தை நெடுந்தூரம் அடிக்கடி கொண்டுசெல்பவர் ஆகியோர் இதனை வாங்குவது அறிவுடைமையே. ஆராய வேண்டியவர், நகரத்தில் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் பள்ளிக்குமாகத் தனியொருவராக இதனை ஓட்டுபவர். ஆண்டில் இருமுறை கதிர்காமத்துக்கோ நுவரெலியாவுக்கோ போகும் பயணத்தை மனத்தில் வைத்து, மற்றைய முந்நூற்று அறுபது நாளும் அப்பயணத்துக்குரிய பாரத்தைச் சுமந்து திரிவது கணக்குக்கு ஒவ்வாது. அவ்விரு பயணங்களுக்கும் வாடகை வண்டி பிடித்தாலும் செலவு குறைவே. பெரிய வண்டி வைத்திருக்க வேண்டியவர் சில பழக்கங்களைக் கடைப்பிடித்தல் நன்று. வண்டியை எடுக்குமுன் ஒருமுறை அதனைச் சுற்றி நடந்து பார்த்தல், பிள்ளைகள் நிற்கும் இடத்தில் இறக்கிவிடாது சற்றுத் தள்ளி நிறுத்தி நடத்திக் கூட்டிவருதல், ரயரின் காற்றளவை ஒழுங்காகப் பார்த்தல் என்பன பணம் வேண்டாத காவல்கள்.

இவ்வரலாறு ஆட்சியாளர்க்கும் ஒரு பாடம் சொல்கின்றது. எரிபொருளைச் சேமிக்க இயற்றிய சட்டமே எரிபொருளை மிகுதியாகக் குடிக்கும் வண்டியை வளர்த்தது. சட்டஞ் செய்தோர் தீயவரல்லர். உழைப்பாளிக்கு இரங்கியே விலக்கு அளித்தனர். ஆனால் விலக்கு யாரைச் சென்று சேர்கின்றதென்று ஆண்டுதோறும் பார்க்கத் தவறினர். நமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. எத்தகைய வண்டிகள் நம் வீதிகளில் இனிவரும் இருபது ஆண்டுகள் ஓடும் என்பதை இக்காலத்துத் தீர்மானங்களே வகுக்கும். வண்டி வாங்குவோர் தம் பணத்தால் வாங்குகின்றனர், உண்மையே. வீதியோ எல்லோருடையது. வண்டியில்லாது நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கும் அதில் உரிமை உண்டு. ஒரு வண்டியின் தகுதியை அளக்கும்போது, அதனுள்ளே இருப்பவரின் சுகத்தோடு அதன் முன்னே நடப்பவரின் உயிரையும் சேர்த்து அளத்தலே நடுவுநிலை. பார வண்டில் எங்கே ஓடவேண்டும், திருக்கல் எங்கே ஓடவேண்டும் என்று தெரிந்து வாழ்ந்தவரின் வழிவந்தோர் நாம்; அந்த அளவறிவு நமக்கு அரியதன்று.